செம்புக் கம்பிக்கு ஏது திசை?

விலை உயர்ந்த ஆடியோ கேபிள்களில் அம்புக்குறி இருக்கிறது. திருப்பி மாட்டினால் இசை கெடும் என்கிறார்கள் ரசிகர்கள். மின்சாரம் அதை ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை.

விலை உயர்ந்த ஆடியோ கேபிளைக் கூர்ந்து பார்த்தால், அதன் மேலுறையில் பெரும்பாலும் ஒரு சின்ன அம்புக்குறி தென்படும். ஒலி புறப்படும் கருவியிலிருந்து போய்ச் சேரும் கருவியை நோக்கி அம்பு இருக்க வேண்டும் என்பது விதி. மாற்றி மாட்டினால் பாட்டு நின்றுவிடாது. ஆனால் பாடகரின் குரல் மங்கும், வயலினின் நயம் குறையும் என்று சத்தியம் செய்யும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் மேல் ஒரு வியாபாரமும் நடக்கிறது.

அமெரிக்காவின் ஆடியோக்வெஸ்ட் போன்ற நிறுவனங்கள் சொல்லும் காரணம் இதுதான்: செம்பைச் சிறு துளை வழியே இழுத்துக் கம்பியாக்கும்போது அதன் படிகத் துகள்கள் இழுத்த திசைக்கு ஏற்ப அமைகின்றன. அதனால் கம்பியின் மின்தடை இரு திசைகளிலும் ஒன்றாக இருக்காது. உயர் அதிர்வெண் இரைச்சல் ஒரு திசையில் எளிதாக வடிந்துவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலியைச் சுமக்கும் மின்சாரம் டார்ச் பேட்டரியின் மின்சாரம் போல ஒரே திசையில் ஓடுவதில்லை. மனிதக் காதுக்கு எட்டும் ஒலி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதாவது கம்பியில் மின்னோட்டம் வினாடிக்கு 20 முதல் 20,000 தடவை போய்த் திரும்புகிறது. போதாக்குறைக்கு ஸ்பீக்கர் கேபிளில் இரண்டு கம்பிகள். ஒன்றில் மின்சாரம் போகும்போது மற்றதில் திரும்பி வருகிறது. கம்பிக்குச் 'சரியான திசை' என்று ஒன்று இருந்தால், எந்த நேரத்திலும் இரண்டில் ஒன்று தவறான திசையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை எளிதாக விடும் பொருளுக்கு டயோடு என்று பெயர். செம்பின் மேல் படியும் ஆக்சைடு அப்படி நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். 1920களில் அதை வைத்தே ரெக்டிஃபயர்கள் செய்தார்கள். கம்பிக்குள்ளும் அப்படிப்பட்ட நுண்ணிய டயோடுகள் ஒளிந்திருக்கின்றன என்பது சிலரது வாதம். இருந்தால், மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் முளைக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான கலப்பையும் பிடித்துவிடும் கருவிகள் இன்று இருக்கின்றன. காது கேட்கும் மாற்றம் அவற்றின் கண்ணில் படாமல் போக வழியில்லை.

அம்பு சொல்லும் உண்மை

அப்படியானால் அம்புக்குறி வெறும் ஏமாற்றா? எப்போதும் அல்ல. சில கேபிள்களில் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக வலை ஒரு முனையில் மட்டும், பெரும்பாலும் ஒலி புறப்படும் கருவியின் பக்கம், இணைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து நுழையும் இரைச்சலை அந்த வலை தடுக்கிறது. இணைத்த முனை எது என்று காட்டத்தான் அம்பு. அதை மாற்றி மாட்டினால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சில சமயம் கூடக் கேட்கலாம். டிவிக்கான ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் இன்னும் கறாரானது. அதன் ஒரு முனை மின்சாரத்தை ஒளியாக்குகிறது, மறுமுனை ஒளியை மின்சாரமாக்குகிறது. திருப்பி மாட்டினால் படமே வராது. இவற்றில் எதிலும் செம்பின் படிகத்துக்கு வேலை இல்லை.

காதுக்கு ஒரு பரீட்சை

வித்தியாசம் கேட்பதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. விலையும் அம்பும் கண்ணில் பட்ட பிறகு மனம் எதிர்பார்க்கிறது, காது அதற்கு இசைகிறது. அதனால்தான் எது மாட்டியிருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் நடத்தும் மறைமுகச் சோதனை தேவைப்படுகிறது.

2007இல் மந்திரவாதி ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். அது திசையைப் பற்றியதல்ல, கேபிளின் உயர்வைப் பற்றியது. 12 அடிக்கு 7,250 டாலர் விலை சொன்ன பியர் ஆஞ்சூ ஸ்பீக்கர் கேபிளை, விலை குறைந்த கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்தறிந்தால் 10 லட்சம் டாலர் பரிசு என்றார். ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் முன்வந்தார். கேபிள் நிறுவனம் பின்வாங்கியது. கடைசியில் சோதனை நடக்கவே இல்லை.

வீட்டில் நடத்தப் பரிசுப் பணம் வேண்டாம், ஒரு நண்பர் போதும். அவர் நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்துக்கு ஏற்பக் கேபிளை அம்பின் திசையிலோ எதிர்த்திசையிலோ மாட்ட வேண்டும். கேட்பவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். 16 முறை நடத்தினால், குருட்டு யோசனையிலேயே 8 சரியாக வரலாம். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர, குருட்டு அதிர்ஷ்டத்துக்கு உள்ள வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு.

கேபிளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது நல்லது. ஸ்பீக்கர் ஒயரில் உண்மையிலேயே பார்க்க வேண்டியவை அதன் தடிமனும் நீளமும்தான். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். அந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டாலும் கேட்கும்.