தொழுவுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு கிருமி

பங்குனி, சித்திரையில் ராதாபுரம் வட்டாரத்துக் குளங்கள் வறண்டு பாளம் பாளமாக வெடித்துவிட்டால் தீவனத் தட்டுப்பாடு தொடங்கிவிடும். பணகுடி, திருக்குறுங்குடி, களக்காடு என மலையடிவாரம் நெடுகிலும் மாடுகள் புல் தேடி மேற்கே ஏறும். அதே நாட்களில் களக்காடு–முண்டந்துறைக் காட்டிலிருந்து மிளாவும் காட்டுப்பன்றியும் தண்ணீருக்காகக் கீழே இறங்கும். பகலில் மாடு வாய்வைத்த குட்டையில் இரவில் மிளா வாய்வைக்கும்.

இப்படிப்பட்ட இடங்களில்தான் மாட்டுக் காசநோயைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

காசநோய் என்றதும் இருமும் மனிதர்தான் நம் நினைவுக்கு வருவார். ஆனால் மாடு, மான், யானை, பன்றி என எதையும் அது விடுவதில்லை. மாட்டிலிருந்து மாட்டுக்கு மூச்சுக்காற்று வழியாகப் பரவும். நெருக்கமான தொழுவில் வேகமாகப் பரவும். மடியில் நோய் இறங்கிவிட்டால் பால் வழியாகக் கன்றுக்கும், அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவருக்கும் தொற்றும். சுள்ளென்ற வெயிலில் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில், சாணத்திலும் மண்ணிலும், வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கொடுமை என்னவென்றால், நோய் வந்த மாடு வெகுநாள் நோயாளியாகத் தெரியாது. தீனி எடுக்கும், பால் கறக்கும், சினை பிடிக்கும். கடைசிக் கட்டத்தில்தான் இருமலும் மெலிவும் தெரியும். அதற்குள் அது கைமாறி, சந்தை வழியாக வேறொரு தொழுவுக்குப் போயிருக்கக்கூடும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கால்நடை மருத்துவர் மாட்டின் கழுத்தில் இரண்டு இடங்களில் முடியை மழிப்பார். தோலை மடித்துப் பிடித்து, கருவியால் தடிமனை அளந்து எழுதிக்கொள்வார். ஓரிடத்தில் பறவைக் காசநோய்க் கிருமியின் சாறும், மற்றதில் மாட்டுக் காசநோய்க் கிருமியின் சாறும் தோலுக்குள் ஏற்றப்படும். 72 மணி நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டாவது இடத்தின் வீக்கம் முதல் இடத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் அந்த மாட்டுக்குத் தொற்று என்று பொருள். ஒரு மாட்டுக்காக இருமுறை வர வேண்டிய வேலை என்பதால் கிராமங்களில் இது அரிதாகவே நடக்கிறது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை, 100 மாடுகளில் சுமார் 7க்குத் தொற்று இருக்கலாம் என்றும், மொத்தத்தில் ஏறத்தாழ 2 கோடியே 18 லட்சம் மாடுகள் என்றும் மதிப்பிட்டது. ஒரு நாட்டின் மக்கள்தொகை அளவுக்கு நோயுற்ற மாடுகள்!

எந்தக் கிருமி என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் புதிய வெளிச்சம் கிடைத்தது. மாட்டுக் காசநோய்க்கு ‘மைக்கோபாக்டீரியம் போவிஸ்’தான் காரணம் என்று பரவலாக நம்பப்பட்டிருந்தது. சென்னையில் ஒரு மாட்டிலிருந்து எடுத்த கிருமியின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது ‘மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ்’ என்று தெரிந்தது. அந்த முடிவு 2019இல் வெளியானது. ஆரிக்ஸ் என்ற மானினத்தில் அறியப்பட்டு, அதன் பெயரையே பெற்ற கிருமி அது. அடுத்த ஆண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் 940 காசநோய் மாதிரிகளை ஆராய்ந்த முடிவு வந்தது. அவற்றில் 7 மாதிரிகளில் ஒரிஜிஸ் இருந்தது. மாடுகளிடையே உலவும் போவிஸ் ஒன்றில்கூட இல்லை. 2023இல் இந்தியக் காட்டு விலங்குகளிலும் ஒரிஜிஸ் பதிவானது.

7 என்பது சிறிய எண்தான். ஆனால் இங்கே போவிஸை மட்டும் தேடுபவர்கள் தவறான ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டிவிட்டது. வழக்கமான சளிப் பரிசோதனை, காசநோய் என்று சொல்லுமே தவிர, கிருமி மாட்டிலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா என்று சொல்லாது.

மனிதரிடமிருந்து விலங்குக்கு என எதிர்த்திசையிலும் கிருமி பயணிக்கிறது. 2007க்கும் 2013க்கும் இடையே தென்னிந்தியக் காடுகளில் இறந்த 3 காட்டு யானைகளின் சாவுக்குக் காசநோயே காரணம் என்று உடற்கூறு ஆய்வில் தெரியவந்தது. அந்தக் கிருமி மனிதர்களிடம் காணப்படும் வகை. இந்திய மாடுகளிலும் அது கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் தொழுவும் பாதுகாப்பாக இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மேலை நாடுகள் தொற்றுள்ள மாடுகளைத் தேடித் தேடிக் கொன்றன. இங்கிலாந்து, கிருமியைச் சுமக்கும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கை 2013 முதல் 2 லட்சத்துக்கும் மேல் கொன்றது. நோய் இன்னும் ஒழியவில்லை. ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திடம் இந்த வழி செல்லாது, செல்லவும் கூடாது. நம் நம்பிக்கை தடுப்பூசியில் இருக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. மருந்தே மாட்டின் கிருமியை 13 ஆண்டுகள் வளர்த்து வலுவிழக்கச் செய்ததுதான். 1921இல் அது முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டது. எத்தியோப்பியாவில் அதைக் கன்றுகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. மந்தைக்குள் பரவல் ஏறத்தாழ 90 சதவீதம் குறையும் என்று அது கணித்தது. ஊசி போட்ட மாட்டுக்கும் தோல் பரிசோதனையில் வீக்கம் வரும் என்பதுதான் சிக்கல். ஊசி போட்ட மாட்டையும் தொற்றுள்ள மாட்டையும் பிரித்துக் காட்டும் புதிய சோதனை பரவலாகக் கிடைக்க வேண்டும்.

நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காசநோய்த் துறையும் வனத்துறையும் அதனோடு சேர்ந்து மலையடிவார மந்தைகளைப் பரிசோதிக்கத் தொடங்கினால் நிலைமை தெளிவாகும். அதுவரை பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். சீம்பாலையும் பச்சையாகக் குடிக்க வேண்டாம். மாடு நாள்பட இருமினாலோ, காரணமின்றி மெலிந்தாலோ விற்றுத் தள்ளிவிடாமல் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள். தொழு வேலை செய்பவருக்குக் கழுத்தில் கட்டியோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ இருந்தால், அரசு மருத்துவமனையில் மாடு வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.