தரங்கம்பாடியில் குடியேறலாமா?

உத்தியோகத்தில் இருக்கும்வரை மனிதன் வாழுமிடத்தைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. வேலை எங்கேயோ, அங்கேயே வீடு. ஓய்வு பெற்ற பிறகுதான், "இனி எங்கே இருப்பது?" என்ற கேள்வி எழுகிறது. சொந்தக் கிராமத்தில் காணியும் வீடும் உள்ளவர்களுக்கு இதற்கு விடை எளிது. கோலார் தங்கவயல் தமிழராகிய நமக்கோ அவ்வளவு எளிதன்று.

1880ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய காலம்முதல், வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்து குடியேறினர். நான்கு தலைமுறைகள் கழிந்துவிட்டன. பாட்டனார் விட்டு வந்த கிராமத்தில் இன்று நம்மை அடையாளம் கண்டுகொள்வார் இல்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்களும் மூடப்பட்டன. பிள்ளைகள் விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் இப்பொழுது சில கடற்கரை ஊர்களின் பெயர்கள் அடிபடுகின்றன. அவற்றுள் ஒன்று தரங்கம்பாடி.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அறுபதாம் ஆண்டு நிறைவு, எழுபதாம் ஆண்டுப் பீமரத சாந்தி, எண்பதாம் ஆண்டுச் சதாபிஷேகம் ஆகியவற்றைச் செய்துகொள்ளத் தமிழர் திருக்கடையூருக்குச் செல்வது வழக்கம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடிக் கடற்கரை இருக்கிறது. அபிராமியைத் தரிசித்துவிட்டு அப்படியே கடலையும் பார்த்து வருகிறார்கள். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பணியாற்றிய என் தந்தையாரும் அவ்வாறே சென்று வந்தார். பூமிக்குக் கீழே வெப்பத்திலும் தூசியிலும் உழைத்த அவருக்கு, அந்த விரிந்த வானமும் காற்றும் மிகவும் பிடித்துப்போயின. "ஒரு சின்ன வீடு கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம்" என்று பலமுறை சொல்லிவிட்டார். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆகவே இதை நன்கு ஆராய வேண்டியது என் கடமையாயிற்று. ஆராய்ந்து அறிந்தவை அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

ஊரின் பழமை

தரங்கம்பாடி சிறிய ஊர். ஆனால் பெரிய சரித்திரம் உடையது. கடலோரத்திலுள்ள மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் ஆட்சியில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைப் பிற்காலத்தில் புதுப்பித்தார்கள். 1620ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, டேனியர்க்கு இவ்வூரை வணிகத் தளமாக அளித்தார். அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. அதில் இப்பொழுது அருங்காட்சியகம் இருக்கிறது. இரகுநாத நாயக்கர் டேனிய அரசருக்கு விடுத்த கடிதம் தங்க ஏட்டில் எழுதப்பட்டதாகும். அது டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தங்கத்தைத் தோண்டி எடுத்தவர்களின் வழிவந்த நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி இது.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718ஆம் ஆண்டு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில், மறு ஆண்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தாறுதான். 1845ஆம் ஆண்டு டேனியர் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டனர்.

அருகிலுள்ள தில்லையாடியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற குடும்பத்தில் பிறந்து, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914ஆம் ஆண்டு இளம்வயதிலேயே உயிர் நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊர் அது. 1915ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கே நேரில் வந்தார். ஊர்விட்டு ஊர் போன தமிழரின் வரலாற்றில் அச்சிற்றூருக்கும் ஓர் இடம் உண்டு.

நமக்கும் அக்கரைக்கும் உள்ள தொடர்பு

பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் கிளைப்பாதையில் பிரயாணம் செய்வோர் 'கோரமண்டல்' நிலையத்தை அறிவார்கள். சோழமண்டலக் கரையைத்தான் ஐரோப்பியர் கோரமண்டல் என்று வழங்கினர் என்பர். அக்கரையில் இருக்கும் ஊரே தரங்கம்பாடி. மற்றொரு தொடர்பும் உண்டு. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். நம் சுரங்கங்களுக்கு விசை தந்த அந்தக் காவிரி, தரங்கம்பாடிக்கு வடக்கே பூம்புகாரில் கடலோடு கலக்கிறது.

இவையெல்லாம் மனத்துக்கு இதமானவை. ஆயினும் முதுமைக்கு இருப்பிடம் தேடுகிறவர் சரித்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அன்றாட வாழ்வுக்குரிய நான்கு காரியங்களை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிரயாணம்

ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனாதலால் இதை முதலில் வைக்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ஆம் ஆண்டு மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாக அறுபது ஆண்டுகள் வண்டி ஓடிற்று. 1986ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்டது. மீண்டும் வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வண்டி வரவில்லை. ஆகையால் பெங்களூருக்குச் சென்று, ஓசூர், சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் செல்லும் இரவு வண்டியில் மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். தங்கவயலிலிருந்து புறப்பட்டு வீட்டு வாசலை அடைய ஒரு பகலின் பிற்பகுதியும் ஓர் இரவும் ஆகிவிடும். அவசரத்தில் பிள்ளைகள் வந்து சேர இவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

காற்றும் மழையும்

தங்கவயல் கடல்மட்டத்துக்கு 2,700 அடிக்கு மேல் இருக்கிறது. உலர்ந்த காற்று, இரவில் குளிர்ச்சி. தரங்கம்பாடியிலோ ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. உப்பு, ஜன்னல் கம்பிகளையும் மின்விசிறியையும் பூட்டையும் அரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும், புயலும் வரும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் தெற்கே வேதாரண்யம் பக்கம் கரை கடந்து டெல்டாவைப் பாழாக்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை தரங்கம்பாடியில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. மீனவர் பலர்க்குப் பின்னர் கடலுக்கு அப்பால் உள்தள்ளிப் புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டன. அலையோசை கேட்கும் வீடே வேண்டும் என்று விரும்புவோர் இதை மறக்கலாகாது.

வைத்தியம்

'கடற்காற்று பட்டால் நெஞ்சு நோய் தீரும்' என்று நம்மவரிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலில் கல்தூசி படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் எந்தக் காற்றாலும் தீராது. படிந்த தூசியை வெளியேற்றும் மருந்தும் கிடையாது. அடிக்கடி சோதித்துக்கொள்வதும், காசநோய் பற்றாமல் காத்துக்கொள்வதும், மூச்சுத் திணறினால் தாமதமின்றி ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் இருப்பதுமே நாம் செய்யக்கூடியவை. பொறையாரில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு மயிலாடுதுறைக்கோ, சுமார் 15 கிலோமீட்டர் தெற்கேயுள்ள காரைக்காலுக்கோ போக வேண்டும். நாகப்பட்டினத்தில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்குரிய பெரிய மருத்துவமனையோ திருச்சிப் பொன்மலையில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் எந்த வண்டியில், எந்த மருத்துவமனைக்கு என்பதை வீடு பார்க்கும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பணமும் பத்திரமும்

தொழிலாளர் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் பெறுவோர், 2025ஆம் ஆண்டு ஜனவரிமுதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பணம் பெறலாம். ஊர் மாறினால் ஓய்வூதிய ஆவணங்களை ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு மாற்ற வேண்டிய தொல்லை இப்பொழுது இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்கத் தவறக் கூடாது. அந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014ஆம் ஆண்டில் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதை மட்டும் நம்பி வாடகை வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. பிள்ளைகளின் துணை வேண்டும். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெறுவோர், குடியேறும் ஊருக்குச் செல்லும் பாஸையும் சாமான் ஏற்றும் சலுகையையும் ஓராண்டுக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கர்நாடகத்து ரேஷன் அட்டை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் நிலை என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

நிலமோ வீடோ வாங்குவோர் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்தால் மட்டும் போதாது. கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் இடித்துக் கட்டவும் நினைத்தபடி முடியாது. அனுமதி கிடைக்குமா என்று பேரூராட்சி அலுவலகத்தில் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

அக்கம்பக்கம்

எல்லாவற்றிலும் பெரியது இதுவே. தங்கவயலில் லைன் வீடுகளில் வளர்ந்த நமக்குச் சுவர் ஒன்று, குடும்பம் இரண்டு. சுரங்கத்தில் பாறை வெடித்தது என்றால் தெரு முழுவதும் குழிவாயிலுக்கு ஓடிற்று. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். இந்த உறவை மூட்டை கட்டி எடுத்துச் செல்ல முடியாது. தரங்கம்பாடியில் பேசுவதும் தமிழே. எனினும் நாம் அங்கே வெளியூரார்தாம். மீனவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர், இந்துக்கள் எனப் பலரும் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. ஏப்ரல் நடுவிலிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத காலத்தில் அங்குள்ள வீடுகளில் பணம் எவ்வாறு முடைப்படும் என்பதை அறியாமல், கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர் அவ்வூரின் விருந்தாளியாகவே இருப்பார். அவர்களுடைய நன்மை தீமைகளில் பங்குகொள்கிறவரே ஊராராவார். நம் பாட்டனார் தங்கவயலைச் சொந்த ஊராக்கிக்கொண்டதும் அப்படித்தான். ஆனால் அவர்கள் வந்தது இருபது வயதில். எழுபது வயதில் அதை மறுபடி தொடங்கத் தெம்பு வேண்டும்.

ஆகவே, போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போகாமல், ஒரே தெருவில் பழகிய இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவது நல்லது. பொறையாரை ஒட்டி, மருத்துவமனைக்கும் பஸ்ஸுக்கும் அருகில், வாடகைக்கு வீடு பார்க்கலாம். தை மாதத்து இளங்காற்றில் ஊரைப் பார்த்து மயங்காமல், ஐப்பசி கார்த்திகை மழையிலும் சித்திரைப் புழுக்கத்திலும் இருந்து பார்க்க வேண்டும். ஓராண்டு கழிந்த பின்னும் மனமும் உடலும் ஒத்துவந்தால், பிறகு வீடு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை தங்கவயலில் இருக்கும் கூரையை விட்டுவிடலாகாது.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் விரிவாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மழைக்காலத்திலேயே போய்ப் பார்ப்போம், பக்கத்து வீட்டுப் பெரியவரும் வருகிறாரா என்று கேள்" என்றார். இந்தத் தீபாவளி கழிந்ததும் இருவரும் இரண்டு மாதம் அங்கே தங்கப்போகிறார்கள். அவர்கள் என்ன முடிவு செய்தாலும் அதை ஏற்பதென்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஓய்வுக் காலம் உழைத்தவருடைய காலம். எங்கே கழிப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. தீர விசாரித்துச் சொல்வதும், அவர் சென்ற இடத்துக்கு மாதம் ஒருமுறையேனும் தவறாது போய் வருவதும் பிள்ளைகளாகிய நம் பொறுப்பு.