டிபன் பாக்ஸ் காலியாக வருகிறதா?

"பிள்ளைக்கு மத்தியானத்துக்கு என்ன கட்டிக் கொடுத்தீங்க?" என்று எந்தச் சகோதரியைக் கேட்டாலும் உடனே பதில் வரும். "எவ்வளவு திரும்பி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு கொஞ்சம் இழுக்கும்! சாப்பாட்டு டப்பாவில் இரண்டு விதக் குப்பை உண்டு. டப்பாவோடு போகிற பிளாஸ்டிக் பை, அலுமினியத் தாள், பாக்கெட் எல்லாம் ஒன்று. டப்பாவுக்குள்ளே மிஞ்சி, யாருக்கும் உதவாமல் போகிற சாப்பாடு இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

எங்கள் பேரிகை கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். ஒரே கடை வாசலில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். வீட்டுக்காரர் ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்கு முதல் ஷிப்டு போகிறார். பெரியவளுக்கு ஏழேகாலுக்கெல்லாம் ஸ்கூல் வேன். சின்னவன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

சின்னவனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காலையிலும் பள்ளியிலேயே சாப்பாடு. மத்தியானம் 1982-லிருந்து நடக்கிற சத்துணவு, கூடவே முட்டை. தட்டை மட்டும் பையில் வச்சு விடுவேன். சாப்பிட்டு, குழாயடியில் கழுவி எடுத்து வந்துடுவான். ஒரு துண்டுக் காகிதம்கூடக் குப்பையில்லை!

பெரியவளிடம்தான் பாடு. ஒருநாள் வந்து, "ராகி ரொட்டி வேணாம்மா. கறுப்பா இருக்குன்னு சிரிக்கிறாங்க. எல்லாரும் பிரெட்டு, நூடுல்ஸ் கொண்டு வராங்க" என்றாள். என் மாமியாருக்கு வந்ததே கோபம்! ராகி விளைகிற சீமையிலே ராகிக்கு வெட்கமா?

நான் வாக்குவாதம் பண்ணவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் சொற்பம்தான். வளருகிற பெண்ணுக்கு அதை எப்படி நிறுத்துவது? பெரிய ரொட்டிக்குப் பதிலாகப் பூரி அளவில் நாலு சின்ன அடையாகத் தட்டினேன். வெங்காயம், முருங்கைக்கீரை, துருவிய கேரட், கொஞ்சம் எள் சேர்த்தேன். மார்கழி, தை அவரைப் பருவத்தில் வேகவைத்த அவரைக்கொட்டையும் சேரும். "ரெண்டு அதிகமா வச்சிருக்கேன் கண்ணு, யாருக்காவது குடு" என்று அனுப்பினேன். சிரித்தவர்களில் ஒருத்தி இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளாம். இன்னொருத்தி இன்னும் மூக்கைச் சுளிக்கிறாளாம். சுளிக்கட்டும்!

எதிர்வீட்டுப் பையன் கதை வேறே. மிச்சம் வந்தால் வீட்டில் வசவு விழும். அதனால் அவன் வேன் ஏறுமுன் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலி டப்பாவைக் காட்டியிருக்கிறான். வயிறும் காலி, அம்மாவுக்கோ சந்தோஷம்! பிள்ளை மெலிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மிச்சத்தை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். திட்டாமல், "ஏன் கண்ணு பிடிக்கலை?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கவனித்தால் எவ்வளவு வைக்கணும் என்று கைக்கே தெரிந்துவிடும். சில சமயம் சமையலில் குற்றமே இருக்காது. மூடி இறுக்கமாக இருந்து, பிஞ்சுக் கையால் திறக்க முடியாமல் பசியோடு வந்திருக்கும். டப்பா வாங்கும்போது குழந்தையையே திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள்.

கெட்டுப்போய்த் திரும்புவதும் உண்டு. காலையில் கட்டியதை ஐந்து மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறார்கள். ஆவி பறக்க மூடினால் நீர் கோத்து, நசநசத்து, கிருமி பெருக வழியாகும். தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயில் காலத்தில் அறவே கூடாது. எலுமிச்சை சாதம், புளி சாதம் தாங்கும். தயிர் சாதத்துக்கு, ஆறிய சோற்றில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் புளிக்காமல் இருக்கும்.

இனி வெளிக்குப்பை. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கைப்பைகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் சாலையோரம் மாடுகள் பையை மென்றுகொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். அது வயிற்றில் தங்கிவிட்டால் மாட்டுக்கு ஆபத்து. செய்தித்தாளில் எண்ணெய்ப் பலகாரம் மடிப்பதும் கூடாது, அச்சு மை ஒட்டும். அலுமினியத் தாளில் புளி சாதம் வச்சால் தாளே அரிக்கும். எவர்சில்வர் டப்பாவுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. எப்போதாவது சுற்றுலாவுக்கு அனுப்பினால், வாழை இலையை அடுப்பு அனலில் வாட்டிக் கட்டுங்கள், கிழியாது.

அஞ்சு ரூபாய் பாக்கெட்டுக்குப் பதிலாகச் சின்னச் சம்படத்தில் வறுத்த வேர்க்கடலையோ கொய்யாத் துண்டோ போதும். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் தினமும் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். வாடை அதில்தான் தங்கும். கைதுடைக்க டிஷ்யூ எதற்கு? நைந்த பருத்திப் புடவையைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். ஒரு புடவைக்கு இருபதுக்குக் குறையாமல் தேறும்.