வீட்டு வீடியோக்களை ஹால் டிவியில் பார்க்க எந்தப் பிளேயர்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம், கடலூர், நெல்லிக்குப்பம் என நம் பகுதியில் பல வீடுகளின் பீரோவில் ஒரு பை இருக்கும். அதில் 1980கள், 90களில் எடுத்த நிக்காஹ் வீடியோ கேசட்டுகள், அதன்பின் வந்த சிறிய கேமரா கேசட்டுகள், ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிவிடிகள், பழைய பென் டிரைவ்கள் எல்லாம் கலந்து கிடக்கும். லீவு கிடைக்காமல் திருமணத்துக்கு வர முடியாத சபுராளிகள் பார்க்கட்டும் என்றே எடுக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. அன்று பந்தலில் நின்று விருந்தினரை வரவேற்ற பெரியவர்களில் பலர் இன்று மர்ஹூம்களாகிவிட்டார்கள். அவர்களுடைய நடையும் குரலும் அந்தக் கேசட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

இவற்றை ஹால் டிவியில் குடும்பத்தோடு பார்க்க எந்தப் பிளேயர் நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். கடையில் கேட்டால், “எல்லாம் ஓடும்” என்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் ஒன்றில் படம் வராது, இன்னொன்றில் சத்தம் வராது. புதுப்படங்களுக்காகவும் இணையத் தொடர்களுக்காகவும் செய்த பெட்டிகளே சந்தையில் அதிகம். நம் வீட்டு வீடியோ வேறு வகை. ஆகவே நம்மிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற பிளேயரைத் தேடுவதே சரி.

கையில் இருப்பது என்ன?

பெரிய கேசட் என்றால் அது வி.எச்.எஸ். இதை எந்தப் புதுப் பிளேயரும் நேரடியாக ஓட்டாது. ‘டெக்’ வேண்டும். உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பவை எல்லாம் பழைய டெக்குகள்தாம். அவையும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன. எனவே பிளேயர் வாங்குவதைக்கூடத் தள்ளிப்போடலாம், கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம்முடைய கடலோர ஈரத்தில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அதை டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துபோகலாம், டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டிலும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றித் தரும் ஸ்டூடியோவில், “எம்பி4 கோப்பு, படம் எச்.264, சத்தம் ஏ.ஏ.சி.” என்று கேட்டு வாங்குங்கள். இந்தச் சேர்க்கை இன்றைய டிவி, போன், கணினி எல்லாவற்றிலும் ஓடும். ‘எச்டி ஆக்கித் தருகிறோம்’ என்பதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் புழங்கிய பால் முறையில் படத்துக்கு 576 கோடுகள்தான். கேசட்டில் இல்லாத தெளிவைக் கோப்பைப் பெரிதாக்கிக் கொண்டுவர முடியாது.

படம் வருகிறது, சத்தம் ஏன் வருவதில்லை?

ஒரு வீடியோ கோப்பு டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், இன்னொரு அடுக்கில் சத்தம். இரண்டும் தனித்தனி முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். பிளேயருக்கு இரண்டு முறைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

டிவிடியில் இருக்கும் வி.ஓ.பி. கோப்பில் படம் எம்பெக்-2 முறையில் இருக்கும். சத்தம் பெரும்பாலும் டால்பியின் ஏ.சி.3 முறையில் இருக்கும். 2006க்குப் பின் வந்த எச்டி கேமராக்களின் எம்.டி.எஸ். கோப்புகளிலும் பெரும்பாலும் ஏ.சி.3 சத்தம்தான். 2017க்குப் பின் வந்த ஐபோன்களிலும் இன்றைய பல போன்களிலும் எடுக்கும் வீடியோ எச்.இ.வி.சி. என்ற புது முறையில் இருக்கலாம்.

இவற்றில் சில முறைகளுக்கு உரிமக் கட்டணம் உண்டு. அதனால் சில பெட்டிகளிலும் டிவிகளிலும் அவற்றைச் சேர்ப்பதில்லை. பெரிய நிறுவனங்களும் சில முறைகளைக் கைவிடுவதுண்டு. சாம்சங் தன் 2018ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து டி.டி.எஸ். சத்த முறையை விட்டுவிட்டது ஓர் உதாரணம். ஆகவே சத்தம் வரவில்லை என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

நமக்கு முன் உள்ள வழிகள்

முதலாவது, டிவியின் யு.எஸ்.பி. துளை. செலவே இல்லை. எம்பி4 கோப்புகளுக்கு இது போதும். ஆனால் ஹார்ட் டிஸ்க் செருகினால் சில டிவிகளில் ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பழைய வகை யு.எஸ்.பி. துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், புதிய டிஸ்குகள் 900 வரை கேட்கும். தனி மின் இணைப்புள்ள யு.எஸ்.பி. ஹப் வைத்தால் சரியாகும்.

இரண்டாவது, வீட்டில் சும்மா இருக்கும் லேப்டாப். எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று வாங்கி, இலவசமான விஎல்சி மென்பொருளைப் போட்டால் மேலே சொன்ன வகைகள் எல்லாம் ஓடும். ரிமோட் இல்லை என்பதுதான் குறை. உம்மாவோ நன்னியோ தானாகப் போட்டுப் பார்க்க முடியாது.

மூன்றாவது, கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. பிளே ஸ்டோரில் விஎல்சி, கோடி இரண்டும் இலவசம். யு.எஸ்.பி. துளை உள்ள பெட்டியாகப் பாருங்கள். டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக் வகையில் டிஸ்க் மாட்டத் தனித் துளை பெரும்பாலும் இருக்காது.

பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் சில, தொழிற்சாலையிலேயே தீய மென்பொருள் ஏற்றப்பட்டு வருவது தெரியவந்துள்ளது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற பெயரில் இதைக் குறிப்பிட்டு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. நம் வீட்டு வைஃபையில் அப்படி ஒன்றை மாட்டுவது, திருடனுக்கு வாசல் சாவியைக் கொடுப்பது போல.

நான்காவது, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. அதில் லிப்ரெலெக் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அதோடு கோடியும் வந்துவிடும். பெரும்பாலான டிவிகளில் டிவி ரிமோட்டாலேயே இதை இயக்கலாம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். முதல்முறை அமைக்க மட்டும் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவர் ஒரு மாலை நேரம் உட்கார வேண்டும். பெரிய தொகுப்பும் பல வகைக் கோப்புகளும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதையே சொல்வோம்.

பழைய வீடியோவில் வரும் கோடுகளும் பருத்த முகங்களும்

அக்கால வீடியோவில் ஒவ்வொரு படமும் இரு பாதிகளாகப் பதிவானது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை. இன்றைய டிவி முழுப் படமாகக் காட்டுவதால், யாராவது கையை அசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். இரு பாதிகளையும் சரியாக இணைக்கும் வசதிக்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். விஎல்சியிலும் கோடியிலும் இது உண்டு.

அடுத்தது அளவு. பழைய படம் 4:3, இன்றைய டிவி 16:9. டிவி அதை இழுத்து நிரப்பினால் எல்லோரும் குட்டையாக, முகம் பருத்துத் தெரிவார்கள். டிவியின் பட அளவை 4:3 என்று மாற்றுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி. காட்சி விட்டுவிட்டு நகர்ந்தால் பெட்டியின் வெளியீட்டை 60 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு மாற்றிப் பாருங்கள். நம் பழைய வீடியோ நொடிக்கு 25 படங்கள் கொண்டது. 50 அதற்குச் சரியாகப் பொருந்தும்.

கடைக்குப் போகும்போது

ஒரு பென் டிரைவில் உங்கள் வீட்டு வீடியோக்களிலிருந்தே வகைக்கு ஒன்றாக நான்கைந்து கோப்புகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி இவற்றைப் பாருங்கள்.

1. எல்லாவற்றிலும் படமும் சத்தமும் வருகிறதா?
2. முன்னும் பின்னும் ஓட்டினால் நின்றுவிடாமல் ஓடுகிறதா?
3. தமிழில் எழுதிய கோப்புப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா, கட்டம் கட்டமாக வருகின்றனவா?
4. கரண்ட் போய் வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடருமா?
5. இணையத்தைத் துண்டித்தாலும் ஓடுகிறதா?

பெண்கள் இருக்கும் காட்சிகளை இந்தச் சோதனைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இது அமானிதம்

நிக்காஹ் வீட்டின் பெண்கள் பகுதியில் எடுத்த வீடியோ, அந்த வீட்டார் மட்டும் பார்ப்பதற்கு. “யூடியூபில் ஏற்றிவிட்டால் எங்கிருந்தும் பார்க்கலாமே” என்று பிள்ளைகள் சொல்வார்கள். இணைப்புத் தெரிந்த யாரும் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே டிஸ்க்கிலிருந்து ஓட்டும் பிளேயர் நமக்குப் பொருந்துவதற்கு முக்கியக் காரணம் இதுவே. கேசட்டை மாற்றக் கொடுக்கும்போதும், வேலை முடிந்ததும் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருக்கட்டும்.

பிரதி இரண்டு, வீடும் இரண்டு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியதும், 2015இல் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததும் நமக்கு மறக்காது. அப்போது நனைந்த பீரோக்களில் ஆல்பங்களும் கேசட்டுகளும் இருந்தன. பிளேயரில் மாட்டியிருக்கும் டிஸ்க் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது. இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கடலூரில் உங்கள் வீட்டிலும், இன்னொன்றைச் சிதம்பரத்தில் ராத்தா வீட்டிலும், அதுவும் மாடியில், வையுங்கள். மாற்றிய கேசட் இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4 ஜிபி என்று வைத்தால், 50 கேசட்டுக்கு 200 ஜிபிதான். 1 டிபி டிஸ்க் தாராளம். டிஸ்க்கை ஃபேட்32 முறையில் வைக்காதீர்கள். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஆண்டை முதலில் வைத்துப் பெயரிடுங்கள்: ‘1994 பெரிய ராத்தா நிக்காஹ்’ என்பது போல. பிறகு வீட்டின் மூத்தவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, யார் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பைப் பத்து ஆண்டு கழித்தும் வேறு பிளேயரில் ஓட்டலாம். பந்தலில் வாப்பாவின் தோளில் கைபோட்டு நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் ஓரிருவர்தான் இருப்பார்கள். அவர்களிடம் இந்த வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.