விருந்தாளியா? வீட்டுப் பிள்ளையா?
அக்கரையிலிருந்து வந்த தமிழர்களின் முடியாத கதை

வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகாத குடும்பம் தஞ்சைச் சீமையில் குறைவு. ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 8-ந் தேதி வரை கடற்கரையெங்கும் மனிதத் தலைகள்தான்! இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் அங்கே இல்லை.

அந்தக் கோயிலைப் பற்றி வழிவழியாக ஒரு வரலாறு சொல்வார்கள். போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று நடுக்கடலில் புயலில் சிக்கியது. மாலுமிகள் மாதாவை வேண்டினார்கள். உயிர் தப்பி வேளாங்கண்ணியில் கரை சேர்ந்தார்கள். அங்கிருந்த சிறு கூரைக் கோயிலை, நன்றிக் கடனாகக் கட்டடமாக எழுப்பினார்கள்.

அடைக்கலம் தேடி வந்தவர்களை அன்று இந்தக் கரை விரட்டவில்லை. அதே கடலுக்கு அந்தப்புறம்தான் யாழ்ப்பாணம். அங்கிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களை என்ன செய்வது? 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு முடிவான விடை கிடைக்கவில்லை.

படகில் வந்தவர்கள்

1983 ஜூலை மாதம். கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தீக்கு இரையாயின. உயிர் பிழைத்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகு ஏறினார்கள். ராமேசுவரம் கரையில் இறங்கினார்கள். போர் 2009 மே மாதம் முடியும் வரை, அலை அலையாக மக்கள் வந்தார்கள். 2022-ல் இலங்கையில் பணநெருக்கடி வந்தபோது, பசிக்குப் பயந்தும் சிலர் வந்தார்கள்.

2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்கு இது: முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். முகாமுக்கு வெளியே ஏறத்தாழ 34 ஆயிரம் பேர்.

இவர்களைப் பற்றி நாட்டில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

"இது என்ன சத்திரமா?"

இது முதல் கட்சி. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உலகெங்கும் இருந்து வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க இந்தியா சத்திரமா என்ற பொருளில் நீதிபதி கேட்டார். நம் நாட்டிலேயே 140 கோடிப் பேர். வேலை தேடுவோர் எத்தனையோ பேர். இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பயமும் உண்டு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு முகாம்களில் காவலும் கட்டுப்பாடும் கடுமையாயின. குற்றம் செய்தவர்கள் சிலர். பழியைச் சுமந்ததோ, கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும்தான்!

"ஊருக்கே போகட்டும்"

இது இரண்டாவது கட்சி. போர் முடிந்துவிட்டது, சொந்த மண்ணைப் போல வருமா என்கிறார்கள். அகதிகளிலேயே இப்படி நினைப்பவர்கள் உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் படிக்க வேண்டும், தொழில் கற்க வேண்டும், ஒருநாள் நாடு திரும்பி ஊரைக் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அதன் எண்ணம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் திரும்பிப் போகிறவருக்கு வீடு வேண்டும், நிலம் வேண்டும், பிழைப்பு வேண்டும். அதற்கு யார் பொறுப்பு?

"குடியுரிமை கொடுங்கள்"

இது மூன்றாவது கட்சி. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இலங்கையை அவர்கள் கண்ணால் கண்டதில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பிறப்பினாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவர் என்றால், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வழி செய்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

நம் ஊர்ப் பேரப்பிள்ளைகள்

முகாம்களில் இன்னொரு வகையினரும் உண்டு. அவர்கள் மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தஞ்சை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன ஏழைகளின் சந்ததி. 1948-ல் இலங்கை அரசு சட்டம் போட்டு, அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. ஆனாலும் எல்லோருக்கும் விடிவு வரவில்லை. சிலர் கலவரத்துக்குத் தப்பி, பாட்டன் புறப்பட்ட மண்ணுக்கே அகதியாக வந்து சேர்ந்தார்கள்! இத்தகையவர்களின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

கூரை கிடைத்தது, உரிமை?

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. 2021-ல் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகையை 1,500 ரூபாயாக உயர்த்தியது.

மத்திய அரசும் 2025 செப்டம்பரில் ஒரு சலுகை தந்தது. 2015 ஜனவரி 9-ந் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. இது பெரிய ஆறுதல். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு. நீ எங்களில் ஒருவன் என்பது வேறு. அகதிகளுக்கான 1951-ம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை.

என்னதான் வழி?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். 40 ஆண்டு விருந்து எங்காவது உண்டா? வந்தவரை ஒன்று நல்லபடியாக வழியனுப்ப வேண்டும். இல்லையென்றால் வீட்டுப் பிள்ளையாக ஏற்க வேண்டும். திண்ணையிலேயே ஆயுள் முழுதும் உட்காரவைப்பது தர்மம் ஆகாது.

போக விரும்புகிறவருக்கு அங்கே வீட்டுக்கும் நிலத்துக்கும் இரு அரசுகளும் உறுதி தரட்டும். இருக்க விரும்புகிறவரின் மனுவை ஆள் ஆளாக விசாரித்து, காலக்கெடு வைத்து முடிவு சொல்லட்டும். தீயவர் இருந்தால் அந்த விசாரணையில் தெரிந்துவிடும். எந்தக் கதவு என்பதை அந்தந்தக் குடும்பமே சொல்லட்டும். மூன்று கட்சிக்காரர்களும் இதற்கு உடன்படலாம்.

நம்மால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. முகாம்காரர் வேலைக்கு வந்தால் குறை கூலி கொடுக்காதீர்கள். முகாம் பிள்ளை உங்கள் பிள்ளையோடு படித்தால், "அகதி" என்று கூப்பிடவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கிறது.