உங்களுக்குத் தெரியுமா? மூன்று கிராம் விருந்தாளிக்கு எந்தச் செடி?

ஹம்மிங் பறவைகள் இயற்கையாக வாழ்வது அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டும்தான். நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம்.

வெப்பமான புளோரிடாவில் இவற்றுக்காகவே தோட்டம் போடுபவர்கள் உண்டு. அங்கே வருவது பெரும்பாலும் செந்தொண்டை ஹம்மிங் பறவை. எடை சுமார் 3 கிராம். சிறகு நொடிக்கு 50 முறை போல அடிக்கும். அந்தரத்தில் நின்றபடியே நீண்ட நாக்கால் தேனை எடுப்பதால், பூவில் கால் வைக்க இடம் தேவையில்லை. வாசனையும் வேண்டியதில்லை. குறுகிய குழல் வடிவமும் நிறையத் தேனும் இருந்தால் போதும். சிவப்புப் பூ என்றால் இன்னும் வசதி: தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, எனவே பந்திக்குப் போட்டி குறைவு.

அந்த மண்ணுக்கே உரிய ஹமீலியா புதர் இதற்கு அருமையான தேர்வு. செம்மஞ்சள் குழல்களைக் கொத்துக் கொத்தாகத் தள்ளும். தென் புளோரிடாவின் வெயிலில் ஏறக்குறைய ஆண்டு முழுக்கப் பூக்கும். தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் அழகுக்காக வளர்க்கிறார்கள். இங்கே தேன் குடிக்க வருவது தேன்சிட்டு. பவளக் கொடி ஹனிசக்கிளும் சிவப்பு சால்வியாவும் அடுத்த இடத்தில். பார்வைக்கு மயக்கும் அடுக்கு இதழ்க் கலப்பினங்களை நம்ப வேண்டாம். பலவற்றில் தேன் சொற்பம்.

பூச்சி மருந்து அடிப்பதும் கூடாது. ஹம்மிங் பறவை குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் ஊட்டும்; கூட்டைச் சிலந்தி நூலால்தான் பிணைக்கும்.