காட்டுப்பூக்களுக்கு ஒரு கைநூல்



ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும் ஊர்காவற்றுறைக் கரையோரமாகச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். மணலிலே அடம்பன் கொடி படர்ந்திருக்கும். வேலியிலே கார்த்திகைப்பூ செக்கச் சிவந்து நிற்கும். வழியோரத்திலே தும்பையும் நெருஞ்சியும் மலர்ந்திருக்கும். இவை போக, நாம் பெயர் அறியாத பூக்கள் எத்தனையோ! அவற்றை அறிய நூல் ஒன்று வாங்க விரும்புவோர் எதைத் தெரிவு செய்வது?

முதலாவதாக, நூல் எந்த நிலத்துக்கு உரியது என்று பாருங்கள். நுவரெலியாவின் குளிர்மலைப் பூக்களைக் கூறும் நூல், மணலும் சுண்ணாம்புக்கல்லும் உவரும் சேர்ந்த நமது தீவகத்துக்குப் போதாது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி டிரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூல், செடிகள் வளரும் பிரதேசங்களைக் குறிக்கிறது. தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. 1896இல் அவர் மறைந்தபின், ஹூக்கர் என்பார் 1900இல் அதனை நிறைவு செய்தார். ஆயினும் அது பல பாகங்கள் கொண்ட பெருநூல். நூலகத்திலே பார்ப்பதற்கு உரியது. வெளியே கொண்டு செல்லக் கைக்கடக்கமான நூலே வேண்டும்.

இரண்டாவதாக, பூவின் நிறத்தை மட்டும் கூறும் நூலை நம்பிவிடாதீர்கள். கார்த்திகைப்பூவின் இதழ்கள் விரியும்போது பசுமை கலந்த மஞ்சளாயிருந்து, பின்னரே சிவக்கின்றன. ஆனால், இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டிருப்பதோ என்றும் மாறாத அடையாளம். பூ உதிர்ந்த பின்னும் செடியை இனங்காட்டுவது அதுவே. இது வெறும் பொழுதுபோக்கன்று. அச்செடியின் கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணுங் கிழங்கென மயங்கி அதனை உண்டு உயிர் துறந்தோர் நம் நாட்டில் உளர். ஆகவே, இலை, காய், கிழங்கு ஆகியவற்றையும் விளக்கி, நஞ்சுடையவற்றை எச்சரித்துக் கூறும் நூலே நல்ல நூல். எத்துணை நல்ல நூலாயினும், அதை மட்டும் துணைக்கொண்டு காட்டுக் கிழங்கை உண்ணத் துணிதல் கூடாது.

இறுதியாக, எளிய சோதனை ஒன்று. நன்கறிந்த அடம்பன் பூவொன்றைப் பறித்துக்கொண்டு புத்தகக் கடைக்குச் செல்லுங்கள். அதன் பெயரை மறந்தவர்போல் நூலிலே தேடுங்கள். ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலை, புனல் வடிவான ஊதாப்பூ, மணலில் ஓடும் தண்டு ஆகிய குறிப்புகள் உங்களை அச்செடியிடம் கொண்டு சேர்க்கின்றனவா? சேர்த்தால் வாங்குங்கள். தெரிந்த பூவைக் காட்டாத நூல், தெரியாத பூவை எவ்வாறு காட்டும்?